உப்புக்காற்றும் கருங்கல்லும்

மாமல்லபுரத்தில் கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் நடுவே வடக்குத் தெற்காக ஒரு பாறைக்குன்று படுத்துக் கிடக்கிறது. உயரம் ஏறத்தாழ 100 அடிதான். சுற்றிலும் வெறும் மணலாக இருப்பதால் உள்ளதைவிட உயரமாகத் தெரியும். பல்லவர் குடைந்த மண்டபங்களில் பலவும், அர்ச்சுனன் தபசு என்று ஊர் சொல்லும் பெரும் புடைப்புச் சிற்பமும், கலங்கரை விளக்கமும் இந்தக் குன்றில்தான் இருக்கின்றன. பஞ்ச ரதங்கள் தெற்கே தனிப்பாறையில் நிற்கின்றன. கடற்கரைக் கோயில் கிழக்கே அலையோரத்தில்.

பாறையால் பெயர் வாங்கிய கடலோர ஊர்கள் உலகில் வேறும் உண்டு. இங்கிலாந்தின் டோவர், பிரான்சின் எத்ரெத்தா போன்றவற்றுக்குப் புகழ் தந்தது வெள்ளைச் சுண்ணப்பாறை. கடலடியில் நுண்ணுயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் படிந்து இறுகியது அது; வயது 7 முதல் 10 கோடி ஆண்டு. நகத்தால் கீறினாலே மாவாக உதிரும். இங்கிலாந்தின் தென்கரையில் சில இடங்களில் கடல் அதை ஆண்டுக்குச் சராசரியாக ஒரு சாண் அளவு அரித்துக்கொண்டு போகிறது. அவ்வப்போது சரிந்து புதுமுகம் வெளிப்படுவதால்தான் வெண்மை மங்குவதில்லை. தமிழ்நாட்டில் அதே காலத்துக் கடற்படிவைப் பார்க்கக் கடற்கரைக்குப் போய்ப் பயனில்லை; அரியலூருக்குத்தான் போகவேண்டும். சிமென்ட் ஆலைகளுக்காகத் தோண்டிய சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் அம்மோனைட் என்னும் சுருள்சிப்பிப் புதைபடிவங்கள் கிடைக்கின்றன.

மாமல்லபுரம் இருக்கும் செங்கல்பட்டுக் கரையின் கல் இந்தச் சுண்ணப்பாறைக்கு நேர் எதிர். பரங்கிமலை, பல்லாவரம் தொடங்கித் தெற்கே நீளும் இந்தப் பாறைக் குடும்பத்துக்குப் புவியியலார் வைத்த பெயர் சார்னோகைட். கதை சுவையானது. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பல்லாவரம் பக்கத்துக் கல் போயிருந்தது. 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்து, சார்னாக்கின் பெயரையே பாறைவகைக்குச் சூட்டினார். பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இறுகிய கல் இது. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. சிற்பிகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கருங்கல் என்றுதான் சொல்வார்கள்.

இவ்வளவு கடினமான கல்லில் கை வைக்கத் துணிந்ததுதான் பல்லவர் செய்த புதுமை. அஜந்தாவைக் குடைந்தவர்களுக்குக் கிடைத்தது எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்த பாறை. பல்லவர் ஆண்ட தொண்டை நாட்டில் அந்த வசதி இல்லை. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிக் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டில் பெருமையோடு கல்வெட்டு வைத்தான். அவன் மகன் நரசிம்மவர்மனின் பட்டப்பெயரான மாமல்லன்தான் இந்த ஊரின் பெயரில் நிற்கிறது.

வேலை எப்படி நடந்தது என்பதை முடிந்த சிற்பங்களைவிட முடியாதவையே தெளிவாகக் காட்டும். அரைகுறையாக விட்ட குகைகளில் பாறைமுகம் சதுரம் சதுரமாகப் பிரிந்திருக்கிறது. கோடு போட்ட இடத்தில் உளியால் ஆழமாகப் பள்ளம் எடுத்து, நடுவில் மிஞ்சிய கட்டியைத் தட்டி உதிர்த்து, அடுத்த அடுக்குக்குப் போயிருக்கிறார்கள். குன்றின் மேற்குப் பக்கம் உள்ள பிடாரி ரதங்கள், வலையன்குட்டை ரதம் ஆகியவற்றில் மேல்பாதி கோயில், கீழ்ப்பாதி வெறும் பாறை. கட்டடத்தைக் கீழிருந்து எழுப்பலாம், ஒற்றைப்பாறைக் கோயிலை உச்சியிலிருந்துதான் இறக்கவேண்டும். குன்றின் பல இடங்களில் விரலிடை தூரத்துக்கு ஒன்றாக ஆப்புக்குழி வரிசைகளும் தெரிகின்றன. குழியில் காய்ந்த மரஆப்பை இறுக்கித் தண்ணீர் ஊற்றினால் மரம் ஊதிக் கல்லைப் பிளக்கும். அந்த வரிசைகள் எல்லாம் பல்லவர் காலத்தவை அல்ல. பிற்காலத்தில் கல் உடைத்தவர்களின் தடமும் கலந்திருக்கிறது.

தபசுப் பாறை ஏறத்தாழ 96 அடி நீளம், 43 அடி உயரம். கிழக்கு நோக்கியிருப்பதால் காலை வெயிலில் பார்ப்பதே சரி. நடுப்பகலில் உருவங்கள் தட்டையாகிவிடும், பாறையும் காலைச் சுடும். நடுவிலுள்ள இயற்கை வெடிப்பைச் சிற்பி மறைக்கவில்லை. அதையே ஆறாக்கி நாகர்களை நீந்தவிட்டான். மேலே தொட்டி கட்டித் தண்ணீர் வழியவிட்டதற்கான தடயமும் இருக்கிறது. இது அர்ச்சுனனா, கங்கைக்குத் தவமிருக்கும் பகீரதனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. யானையின் காலடியில் இரண்டு கால்களில் நின்று கையைத் தூக்கித் தவம் செய்யும் பூனையும், அதை நம்பி நிற்கும் எலிகளும் அந்த வழக்கைவிடச் சுவையானவை.

சற்று வடக்கே சரிவில் நிற்பது கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை. யாரும் செதுக்கியதல்ல, இயற்கையாக அப்படி நின்ற பாறை. எடை சுமார் 250 டன் என்பார்கள். 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அதன் முன் கைகோத்து நின்ற படம் உலகமெங்கும் போயிற்று.

கடற்கரைக் கோயிலின் கதை வேறு. இது குடைந்ததல்ல, கல்லை வெட்டி அடுக்கியது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுத்தது. இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே பள்ளிகொண்ட பெருமாள். கடல் இங்கே பாறையைப் பெயர்க்கவில்லை, மேல்தோலைத் தேய்த்திருக்கிறது. உப்புக்காற்று கல்லின் நுண்துளைகளில் புகுந்து படிகமாகும்போது மணி மணியாக உதிர்கிறது. மதில்மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகளின் முகம் மழுங்கிப்போனது இப்படித்தான். தொல்லியல் துறையினர் ஈரக் காகிதக்கூழைச் சுவரில் அப்பிக் காயவிடுகிறார்கள்; காயும்போது கூழ் உப்பை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு உரித்தெடுப்பார்கள். அலையைத் தடுக்கக் கற்களைக் கொட்டியும் காற்றுக்குச் சவுக்கு நட்டும் இருக்கிறார்கள். 1990-ல் மணலை அள்ளியபோது கோயிலின் வடபக்கம் சிறு சன்னதியும் பூவராகச் சிலையும் கல்தொட்டியும் வெளிப்பட்டன.

மணல் மூடுவதும் திறப்பதும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் மணலை வாரியபோது கல்வெட்டுள்ள பாறை தெரிந்தது. அதைத் தொடர்ந்து தோண்டியதில் முருகன் கோயிலின் அடித்தளமும், அதற்கும் கீழே இன்னும் பழைய செங்கல் கோயிலும் கிடைத்தன. அதற்கு முன்பே, 2002-ல், தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் கரைக்கு அப்பால் 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்த்துண்டுகளையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். பழைய மாலுமிகள் ஊரை ‘ஏழு கோயில்’ என்று அழைத்ததை வைத்து, மீதி ஆறும் கடலில் மூழ்கியதாக ஊரில் கதை உண்டு. கிடைத்த கற்கள் அந்தக் கணக்கை நிரூபிக்கப் போதா.

1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற ஊரில் உளிச்சத்தம் நிற்கவில்லை. 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இன்றும் நடக்கிறது. குமரியின் 133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி அதன் முதல்வராக இருந்தவர். சாலையோரப் பட்டறைகளில் இப்போது மின்சார அறுவை இயந்திரம் கல்லைப் பிளக்கிறது, வெள்ளைத் தூசு பறக்கிறது. கண்ணும் விரலும் திறக்கும் வேலை மட்டும் கைக்கே மிஞ்சியிருக்கிறது.

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குத் திரும்பும் பேருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும். மலைமேல் இருக்கும் ஒருகல் மண்டபத்துக்கு, அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி வணிகம் செய்த டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் ஏறி வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் இன்றைய சுற்றுலாக்காரர்களைப் போலவே சுவரில் பெயரும் ஆண்டும் வெட்டிவிட்டுப் போனார்கள். டோவர் பாறையில் அலையோரம் வெட்டியிருந்தால் எப்போதோ கடலில் விழுந்திருக்கும். இங்கே இன்றும் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.