வேகன் ஆர்: அட்டையில் உள்ள எண்களும் சாலையில் ஓடும் காரும்

ஷோரூமுக்குக் கார் பார்க்கப் போனால் வழவழப்பான அட்டை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். முன்பக்கம் முழுக்கப் படங்கள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், கட்டம் கட்டி எண்கள். நம்மில் பலர் அதில் மைலேஜை மட்டும் பார்த்துவிட்டு அட்டையை மடித்துவிடுகிறோம். காரின் ஜாதகமே அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கிறது. நம் ஊர்த் தெருக்களில் தினமும் கண்ணில் படும் மாருதி சுசூகி வேகன் ஆரை வைத்து அதை வாசித்துப் பார்ப்போம்.

உயரம்: 1,675 மி.மீ.

முதலில் பார்க்க வேண்டியது உயரம். இந்தக் காரின் நல்லது கெட்டது இரண்டும் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

1,675 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய ஐந்தரை அடி. அதே நிறுவனத்தின் ஸ்விஃப்ட் 1,520 மி.மீ. இடையில் அரை அடி வித்தியாசம். இந்த அரை அடியின் மதிப்பை எனக்குப் புரியவைத்தவர் என் பெரியம்மா. வயது எழுபதைத் தாண்டிவிட்டது; இரண்டு முட்டியிலும் வலி. தாழ்வான காரில் ஏறும்போது கதவைப் பிடித்து, குனிந்து, கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்குவார். வெளியே வரும்போது யாராவது கைகொடுத்துத் தூக்க வேண்டும். வேகன் ஆரில் நாற்காலியில் உட்காருவதுபோலப் பக்கவாட்டில் உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டார். இருக்கை அவர் இடுப்பு மட்டத்துக்கு வந்துவிட்டதுதான் காரணம். கொண்டையும் கூரையில் இடிக்கவில்லை.

இவ்வளவு உயரம் எப்படி வந்தது? வேகன் ஆர் 1993-ல் ஜப்பானில் பிறந்தது. அங்கே ‘கேய்’ என்ற சிறுகார் வகைக்கு வரிச் சலுகை உண்டு. பதிலுக்குக் கறாரான அளவுகளும் உண்டு. அப்போதைய விதிப்படி நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.4 மீட்டர், எஞ்சின் 660 சிசி தாண்டக் கூடாது. உயரம் மட்டும் 2 மீட்டர் வரை போகலாம். மனை சிறியதாக இருந்தால் மாடி எடுப்பதுபோல, சுசூகி மேல்நோக்கிக் கட்டியது. 1999-ல் இந்தியாவுக்கு வந்தபோது எஞ்சின் பெரிதானது. இப்போது விற்பது 2019-ல் வந்த மூன்றாம் தலைமுறை. அளவுகள் கூடிவிட்டன, பெட்டி வடிவம் மாறவில்லை.

நீளம் 3,655, அகலம் 1,620, வீல்பேஸ் 2,435

வீல்பேஸ் என்பது முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் உள்ள தூரம். பயணிகள் உட்காரும் இடம் பெரும்பாலும் இதற்குள்தான் அடங்குகிறது. வேகன் ஆரில் மொத்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வீல்பேஸ். மூக்கும் வாலும் குட்டை, வயிறு பெரிது. சின்னக் காராகத் தெரிந்தாலும் பின் இருக்கையில் கால் நீட்ட இடம் இருப்பது இதனால்தான்.

அகலத்தைப் பொறுத்தவரை அந்தத் தாராளம் இல்லை. பின்னால் இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் என்றால் சௌகரியம். மூன்று பெரியவர்கள் என்றால் தோள் இடிக்கும். நடுவில் இருப்பவர் திருச்சி போவதற்குள் நெளிய ஆரம்பித்துவிடுவார். ஆனால் அதே குறுகிய அகலம் நிறுத்தும் இடத்தில் கைகொடுக்கும். அடுக்ககத்தில் இரண்டரை மீட்டர் அகல இடம் உங்களுக்கு என்றால், காரை நிறுத்திய பிறகும் இரண்டு பக்கமும் சேர்த்து 88 சென்டிமீட்டர் மிஞ்சும். பக்கத்து வீட்டுக்காரர் காரில் கீறல் போடாமல் கதவைத் திறந்து இறங்கலாம். அட்டையில் உள்ள அகலம் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காதது என்பதை வீட்டு கேட்டை அளக்கும்போது மறக்கக் கூடாது.

திரும்பும் ஆரம் 4.7 மீட்டர். இதை இரண்டால் பெருக்கினால் யு-டர்ன் அடிக்கத் தேவையான அகலம்: 9.4 மீட்டர். முப்பது அடிச் சாலை என்பது 9.1 மீட்டர்தான், அங்கே ஒரு முறை ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும். நாற்பது அடிச் சாலையில் ஓரங்களில் வண்டி நிற்காவிட்டால் ஒரே மூச்சில் திரும்பிவிடலாம்.

டிக்கி 341 லிட்டர். உயரமான பெட்டி என்பதால் சாமான்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். சிஎன்ஜி மாடலில் கதை வேறு. சிலிண்டர் டிக்கியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு துணிப்பைகளுக்கு மேல் வைப்பது சிரமம்.

998 சிசி, 1,197 சிசி: ஏன் இந்த எண்?

இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள் உண்டு. ஒன்று 998 சிசி, மூன்று சிலிண்டர், 67 பிஎஸ் சக்தி. மற்றது 1,197 சிசி, நான்கு சிலிண்டர், 90 பிஎஸ். 1,200-க்கு மூன்று சிசி குறைவாக நிறுத்தியதற்குக் காரணம் வரி. 2006 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். அந்தக் கோடு இன்றும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறுகார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆனபோதும் அதே 4 மீட்டர், அதே 1,200 சிசி கணக்குதான்.

எதை வாங்குவது என்று முடிவு செய்ய, சக்தியைவிட டார்க் என்ற எண்ணைப் பாருங்கள். டார்க் என்பது எஞ்சினின் இழுவை. சின்ன எஞ்சினுக்கு 89 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 3,500 சுற்றில். பெரியதற்கு 113, 4,400 சுற்றில். ஊருக்குள் ஓரிருவர் போகச் சின்ன எஞ்சின் தாராளம். வண்டியின் எடையும் ஏறக்குறைய 800 கிலோதான். ஐந்து பேர், ஏசி, ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகள் என்றால் சின்ன எஞ்சின் முனகும். அடிக்கடி இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கும். சிக்னலில் நிற்கும்போது மூன்று சிலிண்டரின் லேசான அதிர்வு ஸ்டீயரிங்கில் தெரியும். நான்கு சிலிண்டரில் அது அடங்கிவிடும். வருடத்தில் நாலைந்து முறை மலைக்கோ நெடும்பயணமோ போகும் குடும்பத்துக்குப் பெரிய எஞ்சினே சரி.

கிளட்ச் மிதித்து அலுத்தவர்களுக்கு ஏஜிஎஸ் உண்டு. இது முழு ஆட்டோமேட்டிக் அல்ல. சாதாரண ஐந்து கியர் பெட்டிதான். கிளட்ச் அழுத்துவதையும் கியர் மாற்றுவதையும் உங்களுக்குப் பதில் ஒரு கருவி செய்கிறது. கியர் மாறும் நொடியில் வண்டி லேசாகத் தலையாட்டும். ஆக்சிலேட்டரைப் பதமாக மிதிக்கப் பழகிவிட்டால் அந்த ஆட்டம் பாதியாகும் என்பது வைத்திருப்பவர்களின் அனுபவம்.

24.35 கிடைக்குமா?

998 சிசி மேனுவலுக்கு லிட்டருக்கு 24.35 கி.மீ., ஏஜிஎஸ்ஸுக்கு 25.19, சிஎன்ஜிக்குக் கிலோவுக்கு 34.05 என்பது சான்றளிக்கப்பட்ட கணக்கு. பொய்யில்லை. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில், உருளைகள்மேல் சக்கரத்தை ஓடவிட்டு, ஏசி போடாமல், வகுத்த வேகத்தில் எடுத்தது. அங்கே குழி இல்லை, குறுக்கே வரும் ஷேர் ஆட்டோவும் இல்லை. ஏசியோடு நகர நெரிசலில் ஓட்டுபவர்கள் 14 முதல் 17 என்கிறார்கள்; நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் நிதானமாகப் போனால் 20-ஐத் தாண்டும் என்கிறார்கள்.

உங்கள் கணக்கை நீங்களே எடுக்கலாம். டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நாள் ஓட்டிவிட்டு அதே பங்கில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். டேங்க் 32 லிட்டர். நெடுஞ்சாலை மைலேஜ் கிடைத்தால் சென்னையிலிருந்து மதுரைக்கு இடையில் பங்க் தேடாமல் போய்விடலாம்.

சிஎன்ஜி லாபமா என்பதும் கணக்குதான். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 16 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 6.25 ரூபாய். சிஎன்ஜி கிலோ 90 ரூபாய், மைலேஜ் 25 என்று வைத்தால் 3.60. மிச்சம் 2.65. சிஎன்ஜி மாடலுக்குக் கூடுதலாக 90,000 ரூபாய் கொடுத்தால், அதை மீட்க ஏறக்குறைய 34,000 கி.மீ. ஓட்ட வேண்டும். மாதம் 1,000 கி.மீ. ஓடுபவருக்கு மூன்று வருடத்துக்குள் முடிந்துவிடும். 500 கி.மீ.தான் என்றால் ஐந்தரை வருடத்துக்கு மேல் ஆகும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனையும் உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் சிஎன்ஜி பங்க் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

உயரம் கேட்கும் விலை

முட்டி வலிக்கு மருந்தான அதே உயரம், சாலையில் கொஞ்சம் வசூலித்துக்கொள்ளும். உயரமான, குறுகலான, எடை குறைந்த பெட்டி இது. வளைவில் வேகமாகத் திருப்பினால் உடல் சாயும். நெடுஞ்சாலையில் ஆம்னி பஸ் உரசுவதுபோலக் கடக்கும்போது காற்று ஒரு தட்டுத் தட்டும். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும். 80, 90-க்குள் ஓட்டுபவருக்கு இது குறையே அல்ல. அதற்குமேல் ஓட்டும் பழக்கம் உள்ளவருக்கு இது ஏற்ற வண்டி அல்ல.

அட்டையில் இல்லாத எண் ஒன்று உண்டு: மோதல் சோதனை. 64 கி.மீ. வேகத்தில் நேர்மோதல் நடத்திப் பார்க்கும் குளோபல் என்கேப் அமைப்பு, 2019-ல் இந்தக் காருக்கு ஐந்துக்கு 2 நட்சத்திரம் கொடுத்தது. விதிகளைக் கடுமையாக்கிய பிறகு 2023-ல் சோதித்தபோது பெரியவர்கள் பாதுகாப்புக்கு 1, குழந்தைகள் பாதுகாப்புக்குப் பூஜ்ஜியம். அப்போது சோதித்த வண்டியில் இரண்டு ஏர்பேக். 2025 முதல் எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக் வருகிறது, நல்ல மாற்றம். ஆனால் மோதலில் உருக்குலையாமல் நிற்க வேண்டியது காரின் கூடு. ஏர்பேக் எண்ணிக்கை கூடுவதால் கூடு பலப்பட்டுவிடாது. பின் இருக்கையிலும் சீட் பெல்ட் போடுவதை வழக்கமாக்குங்கள்.

பராமரிப்பில் பெரிய தலைவலி இல்லை. இந்த எஞ்சின்களில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின்; குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. ஆரம்ப சர்வீஸ்கள் முடிந்ததும் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முன்னால் வருகிறதோ அப்போது விட்டால் போதும். சின்ன ஊரிலும் கைவைக்கத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார்.

ஊருக்குள் ஓட்டம், வீட்டில் வயதானவர்கள், குறுகிய சந்து, எண்ணிச் செலவழிக்கும் பட்ஜெட் என்றால் வேகன் ஆரை நம்பி வாங்கலாம். மாதம் இருமுறை இரவு நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிறவர், கொஞ்சம் பணம் சேர்த்தாவது நட்சத்திரம் கூடுதலாக உள்ள காரைப் பார்க்க வேண்டும். எந்தக் காரானாலும் டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டு கேட்டின் அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவையும் அப்பாவையும் கூட்டிப்போய்ப் பின் இருக்கையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஏசியைப் போட்டு, நான்கு பேரோடு ஒரு மேம்பாலம் ஏறிவிட்டு, அதன்பிறகு விலை பேசுங்கள்.