ஜப்பானில் யாரை என்ன முறை சொல்லி அழைப்பது?

ஜப்பானிய மொழியில் அப்பாவுக்கு இரண்டு சொல்: 'ஒ-தோஸன்', 'ச்சிச்சி'. ஒன்று மரியாதை, மற்றது கொச்சை என்று நினைத்துவிடாதீர்கள். அப்பாவைக் கூப்பிடும்போது ஒ-தோஸன். அவரைப் பற்றி வெளியாரிடம் பேசும்போது ச்சிச்சி. அதேபோல் அம்மா வீட்டுக்குள் ஒ-காஸன், வெளியாரிடம் 'ஹஹ'. அண்ணனைக் கூப்பிட ஒ-நீஸன், வெளியே சொல்ல அனி. அக்காவுக்கு ஒ-நேஸன், அனெ.

முன்னால் வரும் 'ஒ', பின்னால் வரும் 'ஸன்' இரண்டும் மரியாதை ஒட்டுகள். அடுத்த வீட்டு அப்பாவைப் பற்றிப் பேசும்போது அவை கட்டாயம். நம் வீட்டு ஆளை வெளியார் முன் அப்படி உயர்த்திச் சொல்வதுதான் அங்கே அழகில்லை. வேலைக்கான நேர்காணலில் ஒருவர் தன் தகப்பனாரை 'ஒ-தோஸன்' என்று குறிப்பிட்டால், இன்னும் வளராத பிள்ளை என்று எதிரே இருப்பவர்கள் நினைப்பார்கள். தமிழில் நேர்மாறு. 'அப்பா சொன்னார்' என்று 'ஆர்' விகுதி போட்டால்தான் நல்ல பிள்ளை.

அண்ணன்-தம்பி, அக்கா-தங்கை என்று பிரித்தே பழகிய நமக்கு அடுத்த விதி எளிது. மூத்தவர்களை முறை சொல்லி அழைக்க வேண்டும், இளையவர்களைப் பெயர் சொல்லி. தங்கைக்கு 'இமோத்தொ' என்ற சொல் உண்டு. ஆனால் 'இமோத்தொ, இங்கே வா' என்று யாரும் கூப்பிடுவதில்லை.

குழப்பம் இனிமேல்தான். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் அம்மாவே மூத்தவனை 'ஒ-நீச்சன்', அதாவது 'அண்ணா' என்று கூப்பிடுவாள். மொழியியலாளர் சுசுகி தகாவோ 1973இல் வெளியான நூலில் இதற்கு விளக்கம் தந்தார்: வீட்டின் கடைக்குட்டி எங்கே நிற்கிறதோ அங்கே பெரியவர்களும் போய் நின்றுகொண்டு முறை சொல்கிறார்கள். வழி தவறி நிற்கும் சிறுவனிடம் 'போகு, உன் பெயர் என்ன?' என்று கேட்பதும் இதே வகை. 'போகு' என்றால் 'நான்'!

இதைக் கண்ணால் பார்க்க 'ஸஸயெ-ஸன்' போதும். ஹசெகவா மச்சிகோ 1946இல் தொடங்கிய படக்கதை அது. 1969 முதல் தொலைக்காட்சியில் ஓடுகிறது. ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை. தாத்தா நமிஹெய் தன் மனைவியை 'காஸன்' என்கிறார், அவள் அவரை 'ஒ-தோஸன்' என்கிறாள். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அம்மா, அப்பா என்கிறார்கள்! அவர்கள் மகள் ஸஸயெயின் கணவர் மசுவோவும் மாமனாரை ஒ-தோஸன் என்றே அழைக்கிறார். காதுக்கு ஒரே சொல், எழுதும்போது மட்டும் மாமனாருக்கு வேறு எழுத்து வரும். ஸஸயெயின் மூன்று வயது மகன் தராவுக்குக் கட்சுவோ தாய்மாமன். ஆனால் மாமனோ ஐந்தாம் வகுப்புப் பையன். அதனால் தரா அவனை 'ஒ-நீச்சன்' என்றே கூப்பிடுகிறான். மாமனை அண்ணன் என்றால் நம் பாட்டிகள் முறை கெட்டது என்று பதறிப்போவார்கள். அங்கே வயதுதான் முறையைத் தீர்மானிக்கிறது.

மாமா, சித்தப்பா, பெரியப்பா மூவருக்கும் பேச்சில் ஒரே சொல்தான்: ஒஜிஸன். தாய்வழியா தந்தைவழியா என்று பார்ப்பதில்லை. எழுத்தில் மட்டும், அப்பா அல்லது அம்மாவுக்கு அவர் மூத்தவரா இளையவரா என்பதைப் பொறுத்து எழுத்து மாறும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 'ஒஜிஸன்' மாமா, 'ஒஜீஸன்' தாத்தா. 'ஒபஸன்' அத்தை, 'ஒபாஸன்' பாட்டி. குறில் நெடில் பழகிய தமிழ் நாக்கு இதில் தப்பித்துவிடும், ஆங்கிலம் பேசுபவர்கள் பலர் அத்தையைப் பாட்டியாக்கிவிடுவார்கள்.

தெருவில் முன்பின் தெரியாதவரையும் இந்தச் சொற்களால் அழைப்பதுண்டு, நாம் 'அக்கா', 'அண்ணே' என்பதுபோல. ஆனால் முப்பதைத் தாண்டிய பெண்ணை 'ஒபஸன்' என்றால் முகம் சுண்டிப்போகும். வயதைக் கணிக்க முடியாவிட்டால் உறவே வேண்டாம். 'சுமிமஸென்' என்று சொல்லுங்கள், 'கொஞ்சம் மன்னிக்கணும்' என்று பொருள். திரும்பிப் பார்ப்பார்கள்.