கச்சத்தீவுத் திருநாள்

நம் நாட்டார் ஆயிரக்கணக்கில் கடவுச்சீட்டும் நுழைவிசைவும் இன்றி அயல்நாடு சென்று, ஓர் இரவு தங்கித் திருநாள் கொண்டாடி மீளும் இடம் ஒன்றுண்டு என்று யாரேனும் சொல்லியிருப்பின், முன்னர் யான் நம்பியிரேன். பாரூர் ஏரிக்கரையிற் பிறந்த எனக்குக் கடல் என்பது படத்திற் கண்டதொரு பொருளே. தென்பெண்ணை நீர் நெடுங்கல் அணையிலிருந்து கால்வாய் வழியே வந்து நிறைக்கும் எங்கள் ஏரிக்கும் ஒரு கரையுண்டு, மறுகரையும் உண்டு. இரண்டும் ஓர் ஊரே. பாம்பனைச் சார்ந்த மாணவர் ஒருவர் விடுதியில் எனக்கு அறைத்தோழராய் வாய்த்த பின்னரே கச்சத்தீவைப்பற்றி அறியலானேன். அவர் 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அங்குச் சென்று மீண்டவர். அவர் கூறியவற்றையும் யான் படித்தவற்றையும் சேர்த்து ஈண்டு எழுதுகின்றேன்.

கச்சத்தீவு பாக் நீரிணையின் நடுவிற் கிடப்பது. பரப்பு 285 ஏக்கர் அளவே. இராமேசுவரத்திலிருந்து ஏறக்குறைய 33 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தைச் சார்ந்த நெடுந்தீவிலிருந்து அதனினும் அணித்து. குடிநீர் இன்மையால் குடிமக்களும் இலர். இத்தகைய இடத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொண்டிப் பக்கத்துச் சீனிக்குப்பன் படையாச்சி என்பார் அர்ச். அந்தோனியார்க்கு ஒரு சிறு கோவில் எடுப்பித்தார் என்பர். வலை உலர்த்தவும் இளைப்பாறவும் அங்குத் தங்கிய இருகரை மீனவர்க்கும் அது பொதுக்கோவிலாயிற்று. பழைய கோவிலினருகே இலங்கைக் கடற்படையார் கட்டிய புதிய கோவில் 2016ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பெற்றது.

அந்தோனியாரை மீனவர் தமக்குரியவராகக் கொண்டதற்கு அவர் வரலாறே காரணமாகலாம். 1195ஆம் ஆண்டில் போர்த்துக்கல் நாட்டு இலிசுபனிற் பிறந்தவர்; மொரோக்கோவிற்குக் கப்பலேறிச் சென்று, ஆங்கு நோயுற்றுத் திரும்புங்கால், புயல் கப்பலைச் சிசிலித் தீவிற் கொண்டு சேர்த்தது. தாம் செல்ல எண்ணாத நாட்டிலேயே எஞ்சிய நாளிற் பெரும்பகுதியைக் கழித்து, 1231ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் இத்தாலியிற் பாதுவா நகரருகே உயிர்நீத்தார். மாந்தர் கேளாதபோது மீன்களுக்கு உபதேசித்தார் என்பதொரு கதையும் உண்டு. அவர் திருநாள் ஜூன் 13 ஆயினும், கச்சத்தீவிற் கொண்டாடுவது பெப்ரவரி அல்லது மார்ச்சில், தபசுகாலத்தில் ஆகும். ஜூன் திங்களிற் கடல் தென்மேற்குக் காற்றாற் கொந்தளிக்கும். படகில் மகளிரையும் மக்களையும் ஏற்றிச் செல்வார்க்கு மாசி பங்குனியே ஏற்றது. நாள் குறித்தோர் பஞ்சாங்கத்தோடு காற்றையும் பார்த்திருத்தல் வேண்டும்.

நிற்க, கடவுச்சீட்டு வேண்டாமை எவ்வாறு என்பதைக் கூறுவேன். 1974ஆம் ஆண்டு ஜூனில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையால் கடல் எல்லை வகுக்கப்பட, தீவு இலங்கையின் பக்கமாயிற்று. இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பழைய உரிமையைச் சுட்டித் தமிழகம் அன்றே எதிர்த்தது. அவ்வழக்கு இன்றும் ஓயவில்லை. எனினும் அவ்வுடன்படிக்கையின் ஐந்தாம் உறுப்பு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே தீவிற்கு வந்துபோகலாம் என்றும், அதற்கெனப் பயணச் சீட்டோ இசைவோ இலங்கை கேளாது என்றும் விதித்துள்ளது. ஆயினும் போர்க்காலத்தில் இவ்வுரிமை ஏட்டளவிலேயே இருந்தது. 1983ஆம் ஆண்டிற்குப் பின் திருநாள் தடைப்பட்டு, போர் முடிந்த மறு ஆண்டாகிய 2010இல்தான் நிலைபெற மீண்டது.

செல்வோர் முன்னரே பெயர் பதிந்து, இராமேசுவரத்தில் சோதனை முடித்து, வெள்ளிக்கிழமை படகேறுவர். அன்று மாலை கொடியேற்றம். பின் சிலுவைப்பாதை, செபமாலை, இரவில் தேர்ப்பவனி. சனிக்கிழமை காலை திருவிழாப் பூசை. நண்பகற்குள் கொடியிறக்கிப் படகேறல். புனிதர்க்குத் தேரிழுக்கும் வழக்கமில்லாத சபையிற் பிறந்த யான் இவற்றின் பொருளைத் தோழரிடம் பலமுறை கேட்டறிந்தேன். அவரோ அவற்றை விரைந்து சொல்லிவிட்டு, மணலில் கழித்த இரவைப்பற்றியே நெடுநேரம் பேசினார்.

அவர் விரிப்பிற்கு அடுத்த விரிப்பில் நெடுந்தீவுக் குடும்பம் ஒன்று இருந்ததாம். முதியவர் ஒருவர், “தம்பி, தண்ணி கொண்டு வந்தனீங்களோ?” என்று வினவினாராம். (இலக்கண வகுப்பிற் படித்த ‘வந்தனிர்’ என்னும் வினைமுற்று எனக்கு உடனே நினைவிற்கு வந்தது, தோழர் என்னை நகைத்தார்.) தண்ணீரோடு புட்டும் சம்பலும் தேநீரும் வந்தன. பாம்பனில் தமக்கு உறவினர் சிலர் இருந்தமையும் பேச்சில் வெளிப்பட்டது. நள்ளிரவிற்குப் பின் அம்முதியவர், குரலை உயர்த்தாமலே, “உங்கடை றோலர் போன வருசம் என்ரை வலையை அறுத்துப்போட்டுது” என்றாராம். தோழரின் தந்தையார் விசைப்படகிற் கூலிக்குச் செல்பவர். அவர் அதனை மறைக்கவில்லை; சொல்லிவிட்டார். முதியவர் சிறிது நேரம் வாளா இருந்து, “கொப்பர் என்ன செய்யிறது, படகு அவற்றையோ?” என்று மட்டும் கூறி, மேலும் தேநீர் ஊற்றினாராம்.

இவ்வழக்கின் காரணம் இது. போர்க்காலத்தில் வடபுலத்து மீனவர் கடலுக்குச் செல்லத் தடையிருந்தது. அக்காலத்தில் நம் இழுவைமடிப் படகுகள் அக்கடலிற் பழகிவிட்டன. அம்மடி கடலடியை வாரிக்கொண்டு செல்வது; மீனோடு குஞ்சும், வழியிற் கிடக்கும் சிறுவலையும் அகப்படும். 2009ஆம் ஆண்டிற்குப் பின் தம் கடலுக்கு மீண்டோர் அறுந்த வலைகளைக் கண்டனர். 2017ஆம் ஆண்டில் இலங்கை அத்தொழிலைச் சட்டத்தால் தடுத்தது. சிறைபட்டும் படகிழந்தும் நம்மவர் படும் துன்பம் நாம் நாள்தோறும் படிப்பது. மறுகரையின் துன்பமோ நம் செய்தித்தாள்களில் அருகியே காணப்படும். ஓசூர் எல்லைப்புறத்தார்க்கு இவ்வகை வழக்கு புதிதன்று. கருநாடகத்திற் பிறந்து வரும் தென்பெண்ணையின் நீர்ப்பொருட்டு இரு மாநிலங்களும் உச்சநீதிமன்றம் வரை சென்றுள. அங்கு நாம் ஆற்றின் கீழ்ப்புறத்தார், முறையிடுவோர். பாக் நீரிணையில் முறையிடப்படுவோர். இரண்டையும் ஒருங்கே எண்ணுங்கால் எனக்குப் பேச்சுக் குறைகின்றது.

இவ்வழக்கு திருநாளையும் தீண்டாமல் விடவில்லை. 2017ஆம் ஆண்டு மார்ச்சில் நம் மீனவ இளைஞர் ஒருவர் கடலிற் சுடப்பட்டு இறந்தபோது, சில நாளில் வந்த திருநாளை நம்மவர் புறக்கணித்தனர். 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில், நம் மீனவர்க்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தமைக்காக மீண்டும் படகுகள் செல்லவில்லை. ஒரு கரையார் இன்றியே அவ்வாண்டு தேர் நடந்தது. புறக்கணித்தோர் சினம் நேரியதே; ஆயினும் அவ்விரவில் மணலில் விரிப்புகள் எத்தனை அடுத்த விரிப்பின்றிக் கிடந்தன என்று யான் எண்ணாதிருக்க இயலவில்லை.

தோழர் மீளுங்கால் அம்முதியவர் பனையோலைப் பெட்டி ஒன்றில் ஒடியல் கொடுத்தனுப்பினார். அதனை மாவாக்கிக் கூழ் காய்ச்சும் முறையையும், புளி தாராளமாகச் சேர்க்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுத்தாராம். எங்கள் கிருட்டினகிரிப் புளி பெயர்பெற்றது. அத்திருநாட் காலத்திலேதான் மரத்திலிருந்து உலுக்குவர். அடுத்த முறை செல்லுங்கால் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு கிலோ வேண்டுமெனத் தோழர் கேட்டிருக்கின்றார். வீட்டிற்கு எழுதிவிட்டேன்.