கிணற்றுக்குள் குளிக்கும் மோட்டார்

மோட்டார் ஸ்விட்சைப் போடுகிறோம். பெட்டியிலே சிவப்பு விளக்கு எரிகிறது; "உம்" என்று ஓர் உறுமல் கேட்கிறது. "ஓடுகிறது" என்று திருப்தியுடன் அடுப்பங்கரைக்குத் திரும்பிவிடுகிறோம். அரை மணி கழித்துப் பார்த்தால் மேல் தொட்டியில் முழங்கை நனையத் தண்ணீர் இல்லை! மோட்டார் மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த அரை மணி நேரத்தில்தான் பல மோட்டார்களின் ஆயுள் முடிகிறது. அதற்கு முன்பே அது நமக்குப் பல விதமாகச் சேதி சொல்லிப் பார்த்திருக்கும். அந்தப் பாஷை நமக்குத் தெரியாததால் வந்த வினை அது.

கோயமுத்தூர் வீடுகளில் தண்ணீர் இரண்டு ஜாதி. ஒன்று நல்ல தண்ணீர். சிறுவாணியிலிருந்தோ, பில்லூரிலிருந்தோ குழாய் வழியாக வருவது. அதைச் செப்புக் குடத்தில் பிடித்து வைத்துக் கொண்டாடுவோம். மற்றொன்று உப்புத் தண்ணீர். வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வருவது. பாத்திரம் துலக்க, துணி துவைக்க, குளிக்க, செடிக்கு விட எல்லாவற்றுக்கும் அதுதான். கொண்டாட்டம் நல்ல தண்ணீருக்கு. உழைப்பு உப்புத் தண்ணீருக்கு. ஆனால் உப்புத் தண்ணீர் ஒரு நாள் நின்றால் போதும், வீடே ஸ்தம்பித்துவிடும்.

கவலை போய் வந்த கவலை

கொங்கு நாட்டில் ஒரு காலத்தில் மாடுகள்தாம் மோட்டார். கவலை ஏற்றத்தில் இரண்டு காளைகள் சரிவிலே இறங்க, தோல் பறி தண்ணீரோடு மேலே வரும். மாட்டுக்கு மூச்சு வாங்கினால் ஆளுக்குத் தெரியும். அவிழ்த்து நிழலில் கட்டுவார்கள்.

பிறகு ஆயில் என்ஜின் வந்தது. அதற்கும் உடம்பு சுடும். ஆகையால் இறைக்கிற தண்ணீரிலேயே ஒரு சிறு கிளையைப் பிரித்து, என்ஜினைச் சுற்றி ஓடவிட்டு வெளியே விடுவார்கள். பக்கத்திலே வெந்நீராக அது ஒழுகிக்கொண்டிருக்கும். தோட்டக்காரர் வாய்க்காலைப் பார்க்கும்போதே அந்தச் சிறு ஒழுக்கில் கையை நீட்டிப் பார்ப்பார். ஒழுக்கு மெலிந்தாலும், கை பொறுக்காமல் சுட்டாலும் உடனே என்ஜினை நிறுத்திவிடுவார்.

கடற்கரைக்குப் போனால் இதே கதைதான். ராமேசுவரத்திலும் கன்னியாகுமரியிலும் படகின் பின்புறம் மாட்டும் என்ஜின் இருக்கிறதே, அதைப் பாருங்கள். அடியிலுள்ள சிறிய ரப்பர் சக்கரம் கடல் நீரை உறிஞ்சி என்ஜினுக்குள் சுற்றவிடுகிறது. அந்த நீரில் கொஞ்சம் ஒரு சிறு துவாரத்தின் வழியே பீச்சாங்குழல்போல் வெளியே வருகிறது. படகோட்டிக்கு அந்தத் தாரைதான் நாடி. அது மெலிந்தால் என்ஜினை அணைத்துவிட்டு, தண்ணீர் புகும் வழியில் பிளாஸ்டிக் காகிதம் ஒட்டிக்கொண்டதா, துவாரத்தில் உப்பும் மணலும் அடைத்ததா, ரப்பர் சக்கரத்தின் இதழ்கள் தேய்ந்தனவா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். தண்ணீரில்லாமல் ஓட்டினால் அந்த ரப்பர் சில நொடிகளிலேயே கருக ஆரம்பித்துவிடும்.

ஆயில் என்ஜினுக்கு ஓர் ஒழுக்கு. படகு என்ஜினுக்கு ஒரு தாரை. நம் வீட்டு ஆழ்குழாய் மோட்டாருக்கு? அது நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில், இருட்டிலே உட்கார்ந்திருக்கிறது. கை நீட்டித் தொட்டுப் பார்க்க வழியில்லை. மேல் தொட்டியில் விழும் தண்ணீர்தான் நாம் பார்க்கக்கூடிய ஒரே தாரை!

1893-ல் பிறந்த இருவர்

மோட்டாரைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கிவிடலாம் என்ற துணிச்சல் யாருக்கு வந்தது? கிணற்று மேட்டிலிருந்து உறிஞ்சும் பம்பு ஏறக்குறைய 25 அடிக்குமேல் தண்ணீரை இழுக்க முடியாது. காற்றின் அழுத்தம் அவ்வளவுக்குத்தான் இடம் கொடுக்கும். அதற்கும் ஆழம் என்றால், கீழேயிருந்து தள்ளத்தான் வேண்டும்.

டிப்லிஸ் நகரில் 1893-ல் பிறந்த ஆர்மீனியரான அருத்துனோஃப் என்பவர், கிணற்றுக்குள் முழுகி வேலை செய்யும் மின்சார மோட்டாரை உருவாக்கினார். அமெரிக்காவில் குடியேறி, 1928-ல் ஓக்லஹோமாவிலுள்ள பார்ட்டில்ஸ்வில் நகருக்கு வந்து, எண்ணெய்க் கிணறுகளில் அதை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். மோட்டாரைத் தாண்டிப் போகும் திரவமே அதன் சூட்டை வாங்கிக்கொண்டு போகும் என்பது அதிலுள்ள சூட்சுமம்.

அதே 1893-ல் கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. 1932-ல் நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியதும் கோவை வட்டாரத்துக்கு மின்சார யோகம் அடித்தது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து ஜி. டி. நாயுடு இந்தியாவின் முதல் மின்சார மோட்டாரைக் கோவையில் தயாரித்தார். பின்னர் பீளமேட்டிலும் கணபதியிலும் பட்டறைகள் பெருகின. இன்று நாட்டில் தயாராகும் பம்புகளில் பெரும் பங்கு கோவையினுடையது. ஆனாலும் பம்பு ஊரிலேயே மோட்டார்கள் கருகுகின்றன என்றால், வீட்டுக்குள் அந்த அறிவு வந்து சேரவில்லை என்றுதானே அர்த்தம்?

இருட்டுக்குள் என்ன நடக்கிறது?

ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இறங்கும் பம்பில் மோட்டார் அடியில் இருக்கிறது. பம்பு அதன் தலைமேல். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் நுழையும் சல்லடை. ஏன் இப்படித் தலைகீழாக? காரணம் இருக்கிறது. கீழேயிருந்து வரும் தண்ணீர், மோட்டாரின் உடம்பைத் தடவிக்கொண்டு போய்த்தான் சல்லடைக்குள் நுழைய வேண்டும். மேலே வரும் ஒவ்வொரு குடம் தண்ணீரும் மோட்டாரைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறது. வீட்டு மோட்டார்கள் பலவற்றின் வயிற்றுக்குள்ளும் தண்ணீர்தான். உள்ளே இருக்கும் கம்பிச் சுருளுக்குத் தண்ணீர் புகாத உறை போட்டிருக்கிறார்கள்.

குளியல் நின்றால் சூடு ஏறும். மின்சாரத் துறையில் ஒரு பொதுக் கணக்கு உண்டு: சூடு பத்து டிகிரி சென்டிகிரேடு கூடினால், கம்பி உறையின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். இன்னும் பத்து ஏறினால் அந்தப் பாதியிலும் பாதி! மோட்டார் திடீரென்று ஒரு நாள் கருகியதாக நாம் நினைக்கிறோம். அது பல கோடைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிக்கொண்டிருந்திருக்கும்.

குளியலைக் கெடுக்கும் காரணங்கள் பல. கொங்கு நாட்டின் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளில்தான் ஊற்று. ஊற்று மோட்டாருக்கு மேலே இருந்தால், தண்ணீர் மேலிருந்து நேரே சல்லடைக்குள் போய்விடும்; மோட்டார் அசையாத தண்ணீரில் வெந்துகொண்டிருக்கும். மோட்டாரைச் சுற்றி ஒரு குழாய்ச் சட்டை மாட்டினால் தண்ணீர் கீழே போய் மோட்டாரைத் தொட்டுக்கொண்டு ஏறும். அகலமான கிணற்றில் இதை நிறுத்தினாலும் இந்தச் சட்டை தேவை. அடுத்தது சேறு. ஆழம் வேண்டும் என்று கிணற்றின் தரையிலேயே மோட்டாரை உட்காரவைத்தால் அது சேற்றில் புதைந்து மூச்சு முட்டும். மூன்றாவது உப்பு. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு மோட்டாரின் மேலும் படிந்து, கம்பளி போர்த்தியதுபோல் சூட்டை வெளியே விடாமல் தடுக்கும்.

வாளியும் முள்ளும்

மோட்டார் கெட்டுவிட்டதென்று சொல்லியனுப்பினால் நடக்கும் சம்பாஷணை எங்கும் ஒரே மாதிரிதான்.

"ஏனுங்க அம்மிணி, மோட்டார் ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க. தண்ணிதான் வரலீங்க."

"ஆம்ப்ஸ் எவ்வளவு காட்டுதுங்க?"

"அதெல்லாம் யாருங்க பாத்தா!"

அந்த ஒரு விடையில் மிஸ்திரிக்குப் பாதி வேலை போய்விடுகிறது. அதைத் தெரிந்துகொள்ள இரண்டு கருவிகள் போதும். இரண்டும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

முதலாவது வாளி. மேல் தொட்டிக்குப் போகும் குழாயில் பதினைந்து லிட்டர் வாளி ஒன்றைப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். முப்பது விநாடி என்றால் நிமிஷத்துக்கு முப்பது லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி சுமார் முப்பத்து மூன்று நிமிஷத்தில் நிரம்பும். அதுவே நாற்பத்தைந்து விநாடியானால் தொட்டிக்கு ஐம்பது நிமிஷம் பிடிக்கும். மின்சாரச் செலவும் அதற்கேற்ப ஏறும்.

இரண்டாவது, ஸ்விட்சுப் பெட்டியிலுள்ள ஆம்ப்ஸ் மீட்டர். மோட்டார் நன்றாக இருக்கும்போது அது காட்டும் எண்ணைப் பால் கணக்கு எழுதும் நோட்டில் குறித்து வையுங்கள். உதாரணமாக, நல்ல நாளில் 8 என்று வைத்துக்கொள்வோம்.

தண்ணீர் முதலில் நன்றாக வந்து, பத்து நிமிஷத்தில் மெலிந்து, காற்றும் நீருமாகச் சீறுகிறது. முள்ளும் 8-லிருந்து இறங்கி ஆடுகிறது. இது கிணற்றின் குறை. ஊற்றைவிட வேகமாக இறைக்கிறோம். உடனே நிறுத்தி, ஊற விட்டு, சிறு சிறு தவணைகளாக ஓட்டுங்கள்.

தண்ணீர் ஆரம்பத்திலிருந்தே குறைவு. ஆனால் முள் 8-ஐ விட்டு அதிகம் நகரவில்லை. அப்படியானால் மோட்டார் உழைக்கிறது. உழைப்பு வழியில் போகிறது. குழாயில் ஓட்டையோ, இணைப்பில் தளர்வோ இருக்கலாம். கிணற்று வாயருகே காதைக் கொடுத்தால் உள்ளே தண்ணீர் கொட்டும் ஓசை கேட்கும்.

தண்ணீர் மாதா மாதம் சிறுகச் சிறுகக் குறைகிறது. முள்ளும் கூடவே இறங்குகிறது. சல்லடை அடைத்திருக்கலாம்; மணல் தேய்த்துப் பம்பின் சக்கரங்கள் மெலிந்திருக்கலாம். வெளியே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய தருணம்.

தண்ணீர் அறவே இல்லை. முள் 5-ல் நிற்கிறது. தண்ணீர் மட்டம் பம்புக்குக் கீழே போயிருக்கலாம், அல்லது மோட்டாரையும் பம்பையும் சேர்க்கும் இணைப்பு முறிந்திருக்கலாம். எதுவானாலும் ஒரு நிமிஷம்கூட ஓட்டாதீர்கள்.

முள் 11, 12 என்று ஏறி, பெட்டியே தானாக அணைந்துவிடுகிறது. மணல் சிக்கியிருக்கலாம், அல்லது ஊர் முழுவதும் மோட்டார் போடும் வேளையில் வோல்டேஜ் விழுந்திருக்கலாம். அணைந்த பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதுதான் மிகப் பெரிய பிழை. மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைப்போல் ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும். ஒவ்வோர் அழுத்தலும் சூடு ஏறியிருக்கும் கம்பியில் இன்னொரு சூடு.

வீட்டு அம்மாளின் அதிகாரம்

சில வழக்கங்களை நீங்களே வீட்டில் கொண்டுவரலாம். மோட்டாரை அணைத்தவுடன் மறுபடி போடக் கூடாது. குழாயிலுள்ள நீர் திரும்பி இறங்கும்போது பம்பு பின்புறமாகச் சுற்றலாம். இரண்டு மூன்று நிமிஷம் பொறுங்கள். வால்வை மூடிவிட்டு மோட்டாரைப் போடக் கூடாது. வெளியே போக வழியில்லாத நீர் உள்ளேயே சுழன்று கொதிக்கும். தண்ணீரில்லாதபோது தானே அணைத்துவிடும் காவல் கருவி பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள்; இல்லையென்றால் வைக்கச் சொல்லுங்கள். மோட்டாரை வெளியே எடுத்துக் கம்பி சுற்றிக் கொடுக்கும் செலவுக்கு முன் அதன் விலை அற்பம்.

செய்யக் கூடாததும் ஒன்று உண்டு. பெட்டியைத் திறந்து கை வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் கப்பாஸிட்டர், ஸ்விட்சை அணைத்த பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பார்ப்பதும் கேட்பதும் எழுதுவதும் உங்கள் வேலை. திறப்பது மிஸ்திரியின் வேலை.

வீட்டில் ஆண்கள் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடலாம். தண்ணீர் நின்றால் பக்கத்து வீட்டு வாசலில் குடத்தோடு நிற்பது பெரும்பாலும் பெண்தான். லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பதும், பாத்திரங்களைப் போட்டுவைத்து மறுநாள் துலக்குவதும், குழந்தையைப் பாதி வாளியில் குளிப்பாட்டுவதும் அவள்தான். மோட்டாரின் பாஷையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவளும் அவளே.

அடுத்த முறை ஸ்விட்சைப் போட்டதும் முள்ளை ஒரு பார்வை பாருங்கள். பிறகு மாடிக்குப் போய்த் தொட்டியில் விழும் தாரையைப் பாருங்கள். மாதம் ஒரு தடவை வாளிக் கணக்கை நோட்டில் எழுதுங்கள். சித்திரை வெயிலில் மிஸ்திரி வந்து "ஆம்ப்ஸ் எவ்வளவுங்க?" என்று கேட்டால் நோட்டை எடுத்து நீட்டலாம்.