வலைப்பின்னலில் தொகை காணல்

பல கருவிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் வலைப்பின்னலில், "இப்பொழுது இயங்குவன எத்தனை?" என வினவுதல் எளிது, நம்பத்தக்க விடை பெறுதலோ அரிது. அவ்வருமையின் காரணத்தையும், அதனை அறிஞர் நீக்க முயன்ற வகையையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

காடு, கடற்கரை முதலிய இடங்களில் வெப்பத்தை அளக்க வைக்கும் உணர்கருவிகள் மின்கலத்தால் இயங்குவன. வானொலி அலையால் அண்டையிலுள்ளவற்றோடு மட்டுமே பேசவல்லன. இவற்றின்பொருட்டுக் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்கிலி நகரத்து ஆராய்ச்சியாளர் 2002-ஆம் ஆண்டில் 'டாக்' என்னும் முறையை வெளியிட்டனர். இதன்படி கருவிகள் மரம்போல் அமையும். ஒவ்வொன்றும் தன் கீழுள்ளவை தந்த தொகையோடு தன்னையும் கூட்டி, ஒரே எண்ணாக மேலே அனுப்பும். செய்தி குறையும், மின்கலமும் நீடிக்கும்.

ஆயினும், ஒரு கிளை முறிந்தால் அதன் இலையனைத்தும் உடன் வீழுமன்றோ? நூறு கருவிகளுள், நாற்பதைத் தன் கீழ்க்கொண்ட ஒன்று வாளாவிருப்பின் விடை 59 எனவே வரும். வினவியவர் பிழையை அறியார். இதற்கஞ்சி இருவழியாக அனுப்பின், அந்நாற்பதும் இருமுறை எண்ணப்பட்டுத் தொகை மிகும்.

இனி, "மிகப் பெரிய எண் யாது?" என்னும் வினாவை நோக்குக. ஒரே எண்ணைப் பன்முறை கேட்பினும் அதன் விடை மாறாது. எண்ணிக்கையையும் இவ்வாறாக்கலாம். ஒவ்வொரு கருவியும் நாணயம் சுண்டுவதுபோலச் செய்து, தலை விழுமுன் எத்தனை முறை தொடர்ந்து பூ விழுந்தது எனக் குறித்துக்கொள்க. பாதிக் கருவிகளுக்கு ஒன்றுமிராது. பத்து முறை பூ விழுதல் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றற்கே வாய்க்கும். ஆதலின் யாவற்றுள்ளும் பெரிய எண் பத்தாயின், கருவிகள் ஏறக்குறைய 1024 எனலாம். ஒருமுறைச் சோதனையில் பிழை மிகுதி. பலமுறை செய்து சராசரி காணின் அது குறையும். பிளஜோலே, மார்ட்டின் என்போர் 1985-இல் வெளியிட்ட கருத்தின் வழிவந்தது இது.

கருவிகள் வந்தும் போயும் இருக்கையில் சரியான விடை என்பதுதான் யாது? 2004-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் இதற்கொரு வரையறை வகுத்தனர்: வினாத் தொடங்கி முடியுங்காறும் வினவியவரோடு தொடர்பு அறாதிருந்தவை யாவும் விடையில் அடங்கல் வேண்டும், இடையே வந்தவையும் போனவையும் அடங்கலாம், அடங்காதும் போகலாம், அக்காலத்தில் இல்லாதவை அடங்கலாகா.

திட்டமாகத் தோன்றி இழப்பை மறைக்கும் எண்ணினும், தன் பிழையின் அளவை உணர்த்தும் மதிப்பே நம்பத்தக்கது என்பது இதனாற் பெறப்படும்.