வீட்டுப் பட்டறையில் ஒரு பந்தயக் கார்

"சாமி, நீங்களே ஒருமுறை வந்து பார்த்து அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். சோறு தண்ணீர் மறந்து அந்த வண்டிக்கடியிலேயே கிடக்கிறான். அவன் அப்பாவும் சேர்ந்துகொண்டு தாளம் போடுகிறார்."

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் இவ்வாறு முறையிட்டார். வந்தவாசியில் கோரைப்பாய் நெய்யும் தறிகளின் ஓசை கேட்கும் ஒரு தெருவில் அவர்கள் இல்லம் இருக்கிறது. அன்று மாலையே அங்குச் சென்றேன். வீட்டின் பின்புறத்தில் தகரக் கூரையிட்ட கொட்டகை. அதனுள் முன்பக்கம் முழுவதும் வாயைத் திறந்தாற்போல் விரிந்து கிடந்தது ஒரு பழைய 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன் முன்சக்கரத்தின் மேலேயே அமர்ந்து கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். தந்தை விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதைப் பந்தயக் கார் ஆக்கப்போகிறேன், சாமி. என்ஜின் சக்தியை இரண்டு மடங்காக்கினால் போதும்" என்றான் மகன். அவன் கண்களில் இருந்த ஒளியைக் கண்டு மகிழ்ந்தேன். அவன் அன்னையின் கண்களில் இருந்த அச்சமும் என் நினைவை விட்டு அகலவில்லை. இவ்விருவரில் யார் பக்கம் நியாயம்? இக்கேள்வியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

தறியும் காரும்

வீட்டிலே பொறியை வைத்து அதைத் தன் கையாலேயே மாற்றி அமைப்பது நம் பகுதிக்குப் புதிதன்று. அண்டையிலுள்ள ஆரணிக்குச் சென்று பாருங்கள். பட்டுத்தறி தொழிற்சாலையில் இல்லை. வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பார் 1804-இல் உருவாக்கிய பூவேலைப் பொறியை நம் நெசவாளர் தம் தறியின் தலைமேல் ஏற்றி, தம் புடவைக்கு ஏற்றவாறு அமைத்துக்கொள்கிறார். ஆனால் அவர் ஒன்றை அறிவார். தறியில் ஒன்றை மாற்றினால் அதனோடு இணைந்த மற்றவற்றையும் சரிபார்க்க வேண்டும். ஓர் இழை தவறினால் புடவை முழுவதும் அது தெரியும்.

காரும் அத்தகையதே. என்ஜின் ஓர் இழை. பிரேக் ஓர் இழை. சக்கரத்தைத் தாங்கும் வில் ஓர் இழை. ஒன்றை மட்டும் இழுத்தால் நெசவு கெடும்.

சென்னையில் பிறந்த ஹெரால்டு

அந்தக் கொட்டகையில் நின்ற வண்டியின் வரலாறே இதற்குச் சிறந்த பாடம். இங்கிலாந்தில் 'டிரையம்ப் ஹெரால்டு' என்னும் பெயரில் 1959-இல் வெளிவந்த இச்சிறு காரை, 1961 முதல் சென்னையிலிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் நம் நாட்டில் தயாரித்தது. இதன் உருவத்தை வரைந்தவர் ஜொவான்னி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். தனியான இரும்புச் சட்டமும், அதன்மீது முடுக்கிய உடலும் கொண்டது இவ்வண்டி. முன்பக்க மூடி, சக்கரங்களின் மேல்தகடுகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். எனவேதான் வேலை செய்பவர் சக்கரத்தின்மீது அமர்ந்தே என்ஜினைத் தொட முடிகிறது. வீட்டுப் பட்டறைக்கு இதைவிட இசைவான வண்டி அரிது.

இந்த ஹெரால்டுக்கு ஒரு தம்பி உண்டு. இதே சட்டத்தைக் குறுக்கி, அதே மிக்கெலோட்டியின் வரைபடத்தின்படி இரண்டு பேர் அமரும் 'ஸ்பிட்ஃபயர்' என்னும் சிறு பந்தயப் பாங்குக் காரை அந்த ஆங்கில நிறுவனம் 1962-இல் வெளியிட்டது. தொடக்க கால ஹெரால்டின் 948 கன சென்டிமீட்டர் என்ஜின் ஏறத்தாழ 35 குதிரைத்திறன் தந்தது. ஸ்பிட்ஃபயரின் 1147 கன சென்டிமீட்டர் என்ஜின் இரண்டு கார்புரேட்டர்களோடு 63 குதிரைத்திறன் தந்தது. அதாவது, நம் மாணவன் கொட்டகையில் செய்ய விரும்பிய அதே வேலையைத் தொழிற்சாலைப் பொறியாளர் முன்னரே செய்திருக்கிறார்கள்.

அவர்கள் என்ஜினோடு நின்றுவிட்டார்களா? இல்லை. ஹெரால்டின் முன்சக்கரங்களில் இருந்த டிரம் பிரேக்குக்குப் பதிலாக, ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்தினார்கள். டிரம் பிரேக் தொடர்ந்து அழுத்தப்பட்டால் சூடேறிப் பிடி தளரும். காற்றுப்படும் வட்டத் தகடு விரைவில் ஆறும். வேகம் கூடுமானால் நிறுத்தும் ஆற்றலும் கூடவேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இது வெறும் எச்சரிக்கையன்று, கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும் வண்டி 80-இல் செல்லுமாயின் அதன் இயக்க ஆற்றல் இரு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. அதை நிறுத்துவதற்கு வேண்டிய தூரமும் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது.

எனினும் அப்பொறியாளர்களும் ஒன்றை மிச்சம் வைத்துவிட்டார்கள். ஹெரால்டின் பின்சக்கரங்களைத் தாங்குவது குறுக்கே கிடக்கும் ஒரே பட்டைவில். ஒவ்வொரு பின்சக்கரமும் நடுவிலுள்ள ஒரு மூட்டிலிருந்து ஊசலைப்போல் மேலும் கீழும் ஆடும். குண்டும் குழியுமான சாலையில் இது சுகமே. ஆனால் வேகமாக வளைவில் திரும்பும்போது ஓட்டுநர் திடீரென ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்புறம் எழும்பும். வெளிச்சக்கரம் உள்நோக்கி மடங்கும். டயர் பிடியிழக்க, வண்டி சுழன்றுவிடக்கூடும். ஸ்பிட்ஃபயரின் நான்காம் வடிவம் 1970-இல் வந்தபோதுதான் அந்த வில்லின் அமைப்பை மாற்றி இக்குறையைப் பெரிதும் போக்கினார்கள். பெரிய நிறுவனத்துக்கே எட்டாண்டுகள் பிடித்த பாடத்தை, நம் பிள்ளைகள் ஒரு மாலைப் பொழுதில் கடந்துவிடலாம் என்று எண்ணுவது தகுமா?

கொட்டகையிலிருந்து உலகிற்கு

இதனால் இந்த ஆர்வமே வேண்டாம் என்று நான் கூறவில்லை. உலகப் புகழ்பெற்ற பந்தயக் கார்கள் பல, வீட்டுக் கொட்டகைகளில் பிறந்தவையே.

லண்டனில் கோலின் சாப்மன் என்னும் பொறியியல் மாணவர், தாம் மணக்கவிருந்த பெண்ணின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கார்க் கொட்டகையில், ஒரு பழைய 'ஆஸ்டின் செவன்' காரைப் பிரித்துத் தம் முதல் பந்தயக் காரை 1948-இல் உருவாக்கினார். அதுவே 'லோட்டஸ்' நிறுவனத்தின் தொடக்கம். அவர் நம்பியது எடைக் குறைப்பு. எடை குறைந்தால் விரைவாகக் கிளம்பலாம், விரைவாக நிற்கலாம், வளைவிலும் எளிதாகத் திரும்பலாம். என்ஜின் சக்தியைக் கூட்டினால் கிளம்புவது மட்டுமே விரைவாகும். 1957-இல் அவர் வெளியிட்ட 'லோட்டஸ் செவன்' காரின் எடை சுமார் 500 கிலோ. உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டவர்களுக்கு, முழு வண்டிக்குரிய கொள்முதல் வரி அந்நாளில் இங்கிலாந்தில் இல்லை. ஆதலால் நடுத்தரக் குடும்பத்தாரும் தம் கையால் ஒரு பந்தயக் காரைக் கட்டி ஓட்டினார்கள்.

பெற்றோர் மனத்தில் இருத்தவேண்டிய மற்றொரு வரலாறும் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 1937-இல் பிறந்த புரூஸ் மெக்லாரன், ஒன்பது வயதளவில் இடுப்பெலும்பு நோயால் தாக்குண்டு ஏறக்குறைய ஈராண்டுகள் மருத்துவ இல்லத்தில் கிடந்தான். ஒரு கால் சற்றுக் குட்டையாகவே நின்றுவிட்டது. அவன் தந்தை மோட்டார் பழுதுபார்க்கும் நிலையம் நடத்தியவர். பாகம் பாகமாகக் கிடந்த ஓர் ஆஸ்டின் செவன் பந்தயக் காரை அவர் வாங்கிவர, தந்தையும் மகனும் சேர்ந்து அதைப் பூட்டினார்கள். ஓடி விளையாட முடியாத சிறுவனுக்கு அந்தக் கொட்டகையே விளையாட்டுத் திடலாயிற்று. பதினைந்து வயதில் அதே காரில் முதல் போட்டியில் இறங்கிய அவன், 1959-இல் அமெரிக்க கிராண்ட் பிரிக்ஸ் பந்தயத்தை வென்றான். 1963-இல் தன் பெயரில் ஓர் அணியையும் தொடங்கினான்.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. 1970 ஜூன் 2-ஆம் நாள் இங்கிலாந்தின் குட்வுட் ஓடுதளத்தில், தம் நிறுவனத்தின் புதிய காரைச் சோதித்து ஓட்டிக்கொண்டிருந்தபோது அதன் பின்பக்க மேல்தகடு பெயர்ந்து போயிற்று. கார் நிலைகுலைந்து மோதியது. முப்பத்திரண்டு வயதில் மெக்லாரன் மறைந்தார். என்ஜினில் அன்று குறையில்லை. உடலைப் போர்த்திய ஒரு தகடு நிலைபெயர்ந்தது. சிறு பகுதி என்று இதில் எதுவும் இல்லை.

நம் தமிழகத்தில்

தமிழகத்தில் இக்கலைக்குத் தொட்டிலாக இருந்தது சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. 1953-இல் தொடங்கப்பட்ட சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அவற்றை நடத்தியது. வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்வது அரிதாயிருந்த அக்காலத்தில், ஃபியட், ஹெரால்டு போன்ற குடும்பக் கார்களே தனியார் பட்டறைகளில் திருத்தப்பட்டு அங்கு ஓடின. திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் நிலையான பந்தயத் தடம் அமைந்தது.

கோயம்புத்தூரில் ஆலைத்தொழில் குடும்பத்தில் தோன்றிய எஸ். கரிவரதன் இத்துறையில் மறக்கவொண்ணாதவர். அவர் தாமே பந்தயக் கார்களை வடிவமைத்துக் கட்டினார். செல்வர்க்கு மட்டுமே உரியதாயிருந்த விளையாட்டைச் சாதாரண இளைஞரும் எட்டவேண்டும் என்று விரும்பினார். ஆகவே மாருதி 800 காரின் 796 கன சென்டிமீட்டர் என்ஜினைக்கொண்டு, ஒருவர் மட்டும் அமரும் 'ஃபார்முலா மாருதி' வண்டிகளை உருவாக்கினார். எல்லார்க்கும் ஒரே சிறிய என்ஜின், திறமையே வேறுபாடு. 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தச் சிறு வண்டிகளில் பந்தயம் பழகிய நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

இங்கு ஓர் உண்மையைக் கவனியுங்கள். இவர்கள் வேகத்தைத் தேடிச் சென்ற இடம் பந்தயத் தடம். பள்ளிப் பிள்ளைகளும் மாட்டுவண்டிகளும் செல்லும் பொதுச்சாலையன்று.

சட்டமும் பாதுகாப்பும்

சட்டமும் இதையே கூறுகிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52-இன்படி, பதிவுச் சான்றிதழில் கண்ட அடிப்படை விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி எவரும் தம் வாகனத்தை மாற்றலாகாது. 2019-இல் உச்சநீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மீறுவோர்க்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பழுதுபார்ப்பதும், பழையதைப் பழையபடியே புதுப்பிப்பதும் வேறு. உருவையும் என்ஜினையும் மாற்றுவது வேறு. மாற்றிக் கட்டிய வண்டி ஓடவேண்டிய இடம் பந்தயத் தடமே.

இன்றைய கார்களை வைத்திருப்போர்க்கு மற்றொரு சொல். ஹெரால்டுக்குத் தனிச் சட்டம் உண்டு. இன்றைய சிறு கார்கள் பெரும்பாலும் அப்படியல்ல. கூரையும் தூண்களும் தரையும் சேர்ந்தே முட்டை ஓடு போல் பலம் தருகின்றன. அழகுக்காகக் கூரையை அறுத்தால் வண்டியின் முதுகெலும்பையே அறுத்ததாகும்.

கொட்டகையில் வேலை செய்வோர் கைக்கொள்ளவேண்டிய சில விதிகளையும் கூறிவிடுகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் ஒருபோதும் படுக்கலாகாது. உறுதியான இரும்புத் தாங்கிகளை வைத்து, அசைத்துப் பார்த்த பின்னரே நுழையவேண்டும். செங்கல் அடுக்கும் உதவாது, அது நொறுங்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, தொலைவிலுள்ள அடுப்பிலும் பற்றிக்கொள்ளும். மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிட்டால் வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது உயிரைக் குடிக்கும். மின்சார வேலைக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தரமிழக்கும். திறந்து வைத்த பழைய எண்ணெயை ஊற்றாதீர்கள். தனியாக வேலை செய்யாதீர்கள்.

தாய்க்கு ஒரு விடை

இவற்றையெல்லாம் அன்று மாலை ஒரு நாற்காலியில் அமர்ந்து, அம்மூவருடனும் பேசினேன். மகன் மறுமொழி கூறாமல் தன் குறிப்பேட்டைப் புரட்டினான். அதில் என்ஜினைப் பற்றிப் பத்துப் பக்கங்கள் இருந்தன. பிரேக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதை அவனே கண்டு நாணினான்.

"அப்பா, முதலில் பின்சக்கர டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிடுவோமா?" என்று கேட்டான்.

கழற்றிப் பார்த்தார்கள். பிரேக் பட்டையின் உராய்வுப் பகுதி காகிதம்போல் தேய்ந்திருந்தது. உருளையிலிருந்து எண்ணெய் கசிந்திருந்தது. இந்த நிலையில் அவன் வேகத்தை மட்டும் இரட்டித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தாய் மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே சென்று காபி கொண்டுவந்தார்.

இப்போது அவ்வண்டியைப் பழைய வடிவிலேயே புதுப்பிக்கிறார்கள். பிரேக் முடிந்தது; பின்வில் அடுத்து; என்ஜின் கடைசி. பந்தயக் கனவை அவன் கைவிடவில்லை. அதற்கென்று ஒரு தடமும், அங்கே பயிற்சியும் உண்டு என்பதை அறிந்துகொண்டான்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை ஸ்பானரும் கையுமாக இருந்தால் சினந்து விரட்டாதீர்கள். பொறியை உணர்ந்த கை, பிழைப்பைத் தேடிக்கொள்ளும். ஆனால் அவனைத் தனியே விட்டுவிடவும் வேண்டாம். விளக்குப் பிடிக்கவாவது அருகில் நில்லுங்கள். "எவ்வளவு வேகம் போகும்?" என்று ஊரார் கேட்பார்கள். "எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்று நீங்கள் கேளுங்கள்.