பத்தரை மணிக்கு மேல என்ன விளையாடலாம்?

“ப்ரோ, மனசுக்கு ரிலாக்ஸா ஒரு கேம் சொல்லுங்க, ஆனா எனக்கு டைம் இல்ல.” இந்த மெசேஜ் வராத வாரமே கிடையாது. பத்து கேம் பேரை அடுக்கிட்டுப் போறது ஈஸி. ஆனா அந்தக் கேள்வியோட ரெண்டாவது பாதிதான் நிஜமான பிரச்னை. ஏழரைக்கு லாக் ஆஃப், ஒன்றரை மணி நேரம் ட்ராஃபிக், சாப்பாடு, அம்மாகிட்ட ஒரு போன். மணி பத்தரை ஆயிடும். காலைல ஒன்பதரைக்கு ஸ்டாண்டப் மீட்டிங். நடுவுல நமக்கே நமக்குன்னு மிஞ்சுறது முக்கால் மணி நேரம். அதுவும் தப்பிப் போச்சுன்னா போறது தூக்கம்தான்.

‘கோஸி கேம்’னு சொன்னா பொதுவா அதோட முகத்தைத்தான் பார்க்குறோம். பிக்சல் தோட்டம், மழைச் சத்தம், தூங்குற பூனை. நான் முதல்ல பார்க்குறது வேற: இந்த கேம்ல கடிகாரம் யார் கையில இருக்கு? எந்த இடத்துல என்னை எழுந்து போக விடுது?

ஸ்டார்டியூ வேலியை எடுத்துக்கலாம். எரிக் பரோன்னு ஒரே ஆள், நாலு வருஷத்துக்கு மேல உட்கார்ந்து படம், இசை, கோடு எல்லாம் தானே பண்ணி 2016 பிப்ரவரில வெளியிட்ட கேம். ஆபீஸ் க்யூபிக்கிள்ல வெறுத்துப்போன ஒருத்தர் தாத்தா விட்டுட்டுப் போன நிலத்துக்குக் கிளம்புறதுதான் தொடக்கம். நம்ம ஆளுங்களுக்கு ஏன் பிடிக்குதுன்னு விளக்கவே வேண்டாம். பழைய லேப்டாப்லயும் ஓடும். (ஆபீஸ் லேப்டாப் வேண்டாம், தயவுசெஞ்சு.)

இப்போ அதோட கடிகாரத்தைப் பாருங்க. காலை 6 மணிக்கு எழுந்தா ராத்திரி 2 மணிக்குள்ள படுத்தாகணும். உள்ளே பத்து நிமிஷம் போறதுக்கு வெளியே 7 விநாடி. கணக்குப் போட்டா ஒரு முழு நாள் 14 நிமிஷம். கம்ப்யூட்டர்ல ஆடும்போது, நீங்க படுத்தாதான் கேம் சேவ் ஆகும். அதாவது பாதி நாள்ல மூடிட்டுப் போனா, காலைல இருந்து தண்ணி ஊத்தினது எல்லாம் வீண். படுத்து எழுந்ததும் அடுத்த நாள் வெளிச்சம் வந்துடும், நட்ட பரங்கி பழுத்திருக்கும், கை தானா நகரும். “இன்னும் ஒரே ஒரு நாள்”னு சொல்லிச் சொல்லியே மணி ஒண்ணு ஆகுறது இந்த இடத்துலதான். உங்களுக்குக் கட்டுப்பாடு இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். சேவ் ஆகுற இடமும் ஆசை காட்டுற இடமும் ஒட்டி ஒட்டி இருக்கு, அவ்வளவுதான்.

அதுக்காக அதை விட்டுடணுமா? தேவையில்ல. ஒரு ராத்திரிக்கு ரெண்டு நாள்னு வெச்சுக்கோங்க, அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். நாலு பருவம், பருவத்துக்கு 28 நாள். அந்த வேகத்துல ஒரு வருஷம் ஓட நமக்கு 56 ராத்திரி ஆகும். மெதுவா? மெதுவாத்தான். ஆனா கம்யூனிட்டி சென்டரைக் கட்டி முடிக்க கேம் எந்தக் கெடுவும் வைக்கல. மூணாவது வருஷத் தொடக்கத்துல தாத்தா வந்து மார்க் போடுவார், அதைக்கூட ஒரு வைரம் கொடுத்தா திரும்பப் போடச் சொல்லலாம். யூடியூப்ல முதல் வருஷத்துலயே எல்லாம் முடிக்கிறவங்களைப் பார்த்துட்டு ஆடினா, அது இன்னொரு ஸ்ப்ரின்ட் ஆயிடும். ஸ்விட்ச், ஸ்டீம் டெக் மாதிரி கருவி இருக்கிறவங்களுக்கு இன்னும் சுலபம். ஸ்லீப் பட்டனை அழுத்தினா விட்ட இடத்துலயே நிக்கும்.

அனிமல் கிராஸிங் நியூ ஹொரைசன்ஸ் கதை வேற. 2020 மார்ச்ல வந்த கேம். அதுல ஓடுறது நிஜ உலகக் கடிகாரம். நமக்கு ராத்திரின்னா தீவுலயும் ராத்திரி. அழகான யோசனை. ஆனா நூக்ஸ் க்ரானி கடை ராத்திரி 10 மணிக்கு ஷட்டரை இறக்கிடும். நாம சோபால உட்கார்றதே பத்தரைக்கு! வாசல்ல இருக்குற பெட்டில சாமானைப் போட்டா, 80 சதவீத விலைதான் கிடைக்கும். 2021 நவம்பர் அப்டேட்ல இதுக்கு ஒரு வழி வந்துச்சு. இசபெல்கிட்ட போய் ‘நைட் அவுல்’ விதியைக் கேட்டு வாங்கினா, கடைகள் லேட்டா மூடும். ஷிப்ட்ல இருக்கிறவங்க முதல்ல பண்ண வேண்டிய வேலை அது.

எனக்குக் கோஸின்னு சொல்லவே மனசு வராத வகை ஒண்ணு இருக்கு. ஹே டே மாதிரி மொபைல் பண்ணை கேம்கள். கோதுமை விளைய 2 நிமிஷம், பரங்கிக்கு 3 மணி நேரம், விளைஞ்சதும் போன்ல நோட்டிஃபிகேஷன். பார்க்க ரொம்ப இதமா இருக்கும், மறுக்கல. ஆனா “ரெடி ஆயிடுச்சு, வா”ன்னு நாள் முழுக்கக் கூப்பிடுற ஒரு விஷயத்துக்கு நம்ம தொழில்ல ஏற்கனவே ஒரு பேர் இருக்கு: ஆன்-கால். அதுக்கு அலவன்ஸாவது தர்றாங்க. ஆடியே தீருவேன்னா நோட்டிஃபிகேஷனை அணைச்சிட்டு ஆடுங்க. பரங்கி அழுகாது, நான் கேரண்டி.

சரி, முக்கால் மணி நேரத்துக்கு உண்மையிலேயே பொருந்துறது எது? ‘எ ஷார்ட் ஹைக்’. ஒரு குட்டிப் பறவை, மலை உச்சில மட்டும்தான் போன் சிக்னல் கிடைக்கும், ஏறணும். நேரா ஏறினா ரெண்டு மூணு ராத்திரில முடிஞ்சிடும். வழியில மீன் பிடிச்சுட்டு நின்னாலும் யாரும் கேட்கப் போறதில்ல. ‘அன்பேக்கிங்’ல வீடு மாறின பெட்டிகளைப் பிரிச்சு அடுக்கணும். பேச்சே கிடையாது, ஆனா ஒரு பொண்ணோட இருபது வருஷ வாழ்க்கை சாமான்கள் வழியாவே தெரிஞ்சிடும். ஒரு வீடு ஒரு ராத்திரி. ‘டவுன்ஸ்கேப்பர்’ல கிளிக் பண்ணினா கடல்ல வீடு முளைக்கும், அவ்வளவுதான் கேமே. இலக்கு இல்ல, பாயிண்ட் இல்ல. சிலருக்கு அது அஞ்சு நிமிஷத்துல போரடிக்கும். எனக்கு ரிலீஸ் முடிஞ்ச ராத்திரிக்கு அதுதான் மருந்து.

ஸ்க்ரீனே வேண்டாம், நாள் முழுக்கப் பார்த்தது போதும்னு சொல்றவங்களுக்கும் அதே கேள்விதான்: எங்க நிறுத்தலாம்? ஆயிரம் துண்டு ஜிக்ஸா நல்லாத்தான் இருக்கும், ஆனா டைனிங் டேபிளை வாரக்கணக்குல பிடிச்சுக்கும். பிஜில ரூம் ஷேர் பண்றவங்களுக்கு நடக்காது. என் அக்கா பண்றது குரோஷே. அதோட டிசைனைப் பார்த்து எனக்கே பொறாமை. நிட்டிங்ல ஊசி மேல இருக்குற கண்ணி அத்தனையும் திறந்தே இருக்கும், ஊசி நழுவினா கதை கந்தல். குரோஷேல பெரும்பாலும் திறந்திருக்குறது ஒரே ஒரு கண்ணி. அதுல ஒரு சேஃப்டி பின்னைக் குத்திட்டா பையில போட்டுட்டுப் போயிடலாம். பஸ்ல நாலு தையல், லஞ்ச்ல நாலு தையல். மொத்த ஸ்டேட்டும் ஒரே ஒரு வேரியபிள்ல!

ஒரு ஹூக், ஒரு நூல்கண்டு, அவ்வளவுதான் செலவு. முதல் தடவை வாங்குறவங்க கருப்பு நூல் மட்டும் எடுக்காதீங்க, ராத்திரி ட்யூப்லைட்ல கண்ணி ஒண்ணுமே தெரியாது. வெளிர் நிறத்துல, கொஞ்சம் தடிமனா எடுங்க. அடுத்த எபிசோடுல அக்காவையே கூட்டிட்டு வந்து உட்கார வைக்கிறேன், கேள்விகளை அனுப்பி வைங்க.